ஒயர்மேன் உட்கார்ந்த நாற்காலிகள்

அவரை நான் முதன்முதலில் பார்த்தது என் நாற்காலியில். வாலாஜாபாத் பஸ்ஸிலிருந்து இறங்கி, வியர்த்து வழிந்து ஆபீசுக்குள் நுழைகிறேன், என் இடத்தில் எவனோ ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். சும்மா உட்கார்ந்திருந்தாலாவது தொலையட்டும் என்று விடலாம். என் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமல், என் ரிஜிஸ்டர் மேல் எழுதுகிற மாதிரி கையை ஓட்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு வந்ததே கோபம்.

"யோவ், யாருய்யா நீ? எழுந்திரு முதல்ல."

"ஒரு நிமிசம் சார்" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். "நீங்க எழுதறது சோத்துக் கைதானே?"

"என்னது?"

"உங்க கை நெழலு உங்க எழுத்து மேலயே வுழுந்துக்கினு இருக்குது சார். எவனோ லைட்ட வலப்பக்கமா மாட்டி வச்சிருக்கான். உக்காந்து பாத்திருந்தா இப்படி மாட்டுவானா?"

பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, டியூப் லைட்டை இரண்டு சாண் இடப்பக்கம் நகர்த்தினார். அன்று சாயங்காலம் எனக்குத் தலை வலிக்கவில்லை. நாலு வருஷமாக அந்தத் தலைவலிக்கு பஸ்ஸையும் மேனேஜரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்தேன். தொண்ணூறுகளின் பிற்பாதி. முன்பக்கம் ஷோரூம், மாடியில் ஆபீஸ், பின்பக்கம் ஒரு பழைய கிடங்கில் பன்னிரண்டு தறிகள். வாடகை வீட்டில் தறி போட இடமில்லாதவர்கள் அங்கே வந்து நெய்வார்கள். அந்த ஒயர்மேன் எங்கள் சங்கத்தின் சம்பளக்காரர் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் பெட்டிக்கடை அளவுக்கு ஒரு கடை வைத்திருந்தார், வேலை இருந்தால் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அந்த நாளில் ஆபீசில் எல்லோரும் அவரை 'அவன்' என்றுதான் சொன்னோம், நானும்தான். இப்போது எனக்கு அப்படி வாய் வரவில்லை.

அவருடைய பழக்கம் இதுதான்: விளக்கு மாட்ட வந்தால் முதலில் உட்காருவார். யாருக்காக அந்த விளக்கோ, அவர் இடத்தில், அவர் உட்காரும் விதமாக. அவர் கை எங்கே இருக்குமோ அங்கே தன் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கப்புறம்தான் ஸ்டூல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம். ஒரு பல்பு மாட்ட அரை நாள் ஆகும். அதற்குள் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விடும். பாதிப் பேர் அவரைத் திட்டி அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் திருந்தினதில்லை.

ஒரு கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் மேடைக்கு விளக்கு போட வந்தவர், பெண் உட்காரும் மணையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் அத்தை விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். "அடப்பாவி! பொண்ணு மணையில வந்து குந்திக்கினியே, விளங்குவியா நீ?" இவர் நகரவில்லை. "ஃபோகஸ் லைட்டு நேரா கண்ணுல அடிக்குதுமா. நாளைக்குப் பொண்ணு கண்ணுல தண்ணி வந்தா, பொறந்த வீட்ட நெனச்சு அழுவுதுன்னு எல்லாரும் பேசிக்குவீங்க. அது கூசி வர்ற தண்ணிமா." விளக்கைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

சலூன்காரர் ஒருவர் பட்டது இதைவிட மோசம். முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டு ஒருத்தர் கண்மூடிச் சாய்ந்திருக்கும்போது, "கொஞ்சம் தள்ளுபா, உன் எடத்துல நின்னு பாக்கறேன்" என்று ஒயர்மேன் கத்தியை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார். அரைச் சவரத்தோடு ரோட்டுக்கு ஓடினார் என்று கேள்வி.

டீக்கடை டி.வி.யில் யாராவது பெரிய மனிதர் நாட்டுக்கு யோசனை சொன்னால், இவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "இவரு உக்காந்து பாத்தாரா?" எங்களுக்கு அது கேலிப் பேச்சாகிவிட்டது. கேன்டீனில் சாம்பார் நன்றாக இல்லையென்றால்கூட, "மாஸ்டர், உக்காந்து பாத்தியா?" என்போம்.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு முதல் எதிரி சேர்ந்தது மேனேஜர் அறையில். புதிதாக ஏ.சி. வைத்த சமயம். மேனேஜர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறார், அவருடைய சுழல் நாற்காலியில் ஒயர்மேன் உட்கார்ந்து, மேஜை மேல் இல்லாத ஃபைலைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

"டேய்! எழுந்திருடா! யார் சீட்டுன்னு தெரியுதா?"

"தெரியுது சார். உக்காந்து பாத்தேன். பின்னாடி ஆள் ஒசரத்துக்கு ஜன்னல் இருக்குது. ஸ்கிரீனத் தள்ளிட்டா போதும். உங்களுக்கு மூணு டியூப் லைட்டு எதுக்கு சார்? ஒண்ணுகூட வாணாம்."

மேனேஜர் அந்த நாற்காலியைப் பியூனை விட்டுத் துடைக்கச் சொன்னார். துடைத்து முடிக்கிற வரை உட்காரவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதே எனக்கு ரத்தம் கொதித்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

இப்போது கொதிக்கிறதே, அது அடுத்து நடந்ததற்காக.

மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மின்சிக்கன இயக்கமாம். ஒவ்வொரு சங்கமும் மின்கட்டணத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும். அதோடு, மனதில் பதிகிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வாசகம் எழுதி போர்டாக மாட்ட வேண்டும். டெல்லியிலிருந்து வருகிறவர்கள் படிப்பார்கள் என்பதால் ஆங்கிலம். நல்ல வாசகத்துக்கும் நல்ல சிக்கனத்துக்கும் சேர்த்து ஒரு ஷீல்டு.

கட்டணத்தைக் குறைப்பதைப் பற்றி ஒரு வாரம் யாரும் பேசவில்லை. வாசகத்தைப் பற்றித்தான் பேச்சு. நல்ல பகல் பதினோரு மணிக்கு, மேனேஜர் அறையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மூன்று டியூப் லைட்டும் எரிய, ஏ.சி. ஓட, மின்சிக்கனத்துக்கு வாசகம் தேடிக் கூட்டம் போட்டோம். அந்தக் கூத்தில் ஒருவருக்காவது சிரிப்பு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை.

கேஷியர் "சேவ் பவர், சேவ் நேஷன்" என்றார். "இது எல்லா ஆபீஸ் சுவத்துலயும் இருக்குதுய்யா. கேட்ச்சியா சொல்லு" என்று மேனேஜர் தள்ளிவிட்டார். அக்கவுன்டன்ட் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே "கரன்ட் இஸ் காட்" என்றார். "காட் வேணாம்மா. வர்றவங்க எந்த சாமி கும்பிடறவங்களோ." அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பி.ஏ. இங்கிலீஷ்.

பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு எத்தனை கிலோ பட்டு நூல் யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தால் எப்படி இருக்கும்? பத்து நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன், சோற்றைப் பிசைந்துகொண்டே முணுமுணுத்தேன். என் மனைவி, "என்னங்க, மந்திரமா?" என்றாள். ஒரு நாள் காலையில் பஸ் ஐயம்பேட்டையைத் தாண்டும்போது அது வந்தது.

லெஸ் லைட், மோர் டிலைட்.

இயைபு பாருங்கள், ஓசை பாருங்கள். நாலே வார்த்தை. மேனேஜர் மூன்று தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து எனக்குக் கை கொடுத்தார். தமிழில் சொன்னால் 'வெளிச்சம் குறையக் குறைய ஆனந்தம்' என்று வரும். தமிழில் சொல்லிப் பார்க்கத்தான் அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஒயர்மேன் அப்போது அதே அறையில் ஏணி மேல் நின்று ஏ.சி. ஒயரை மாற்றிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் கேட்டார்: "சார், அந்த போர்டு யாரு படிக்கறதுக்கு?"

"உனக்குப் புரியாதுய்யா" என்றேன்.

வாசகத்தின் நாலு வார்த்தையையும் இந்த இரண்டு வார்த்தையையும் நான் ஒரே நாளில் சொன்னேன். ஆனால் இவைதான் அதிகம் உறுத்துகின்றன.

வாசகம் கிடைத்துவிட்டது, இனி கட்டணம் குறைய வேண்டும். எந்தெந்த விளக்கை எடுக்கலாம் என்று பார்த்துச் சொல்லும்படி மேனேஜர் ஒயர்மேனிடமே சொன்னார். அவர் மூன்று நாள் உட்கார்ந்தார். ஷோரூமில் வாடிக்கையாளர் உட்காரும் பாயில் உட்கார்ந்தார். ஆபீசில் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்தார். தறிக்கூடத்தில் பன்னிரண்டு தறியிலும், நெய்கிறவர் எழுந்து போகிற நேரம் பார்த்து, தறிக்குக் கீழே உள்ள குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். நாலாம் நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். பதினோரு விளக்கு எடுக்கலாம். பதினொன்றும் ஷோரூமிலும் ஆபீசிலும். அதில் மூன்று மேனேஜர் அறையில். தறிக்கூடத்தில் ஒன்றும் எடுக்கக் கூடாது, இரண்டு கூடுதலாகப் போட வேண்டும் என்று கீழே எழுதியிருந்தார்.

"ஷோரூம்ல லைட்ட எடுத்தா வியாபாரம் படுத்துடும்" என்றார் மேனேஜர்.

"சார், பட்டு எடுக்க வர்றவங்க அந்த லைட்ட நம்பறதே இல்ல. சேலையத் தூக்கிக்கினு வாசலுக்குத்தான் வந்து வெயில்ல காட்டச் சொல்றாங்க. தெனமும் நீங்களே பாக்கறீங்க. கலர் பாத்துப் பாத்து நெய்யற எடத்துல சார் வெளிச்சம் வேணும்."

சரியான பேச்சு. எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் இதுதான் வழக்கம். ஆனால் மேனேஜர் தாளைக் கிழித்தார். "தறி மேல ஒண்ணு விட்டு ஒண்ணு கழட்டுடா."

"நான் கழட்டறதில்ல. வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஒயர்மேன் தன் பையை எடுத்துக்கொண்டு போனார். வேறு ஆள் வந்தான். அரை மணி நேரத்தில் பன்னிரண்டில் ஆறைக் கழற்றிப் போட்டான். எங்கேயும் உட்காரவில்லை. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்கிறீர்களா? பெயின்டர் பக்கத்தில் நின்று என் வாசகத்துக்கு எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். நாலடி போர்டு, நீலத்தில் மஞ்சள் எழுத்து. தறிக்கூடத்துச் சுவரில்தான் இடம் இருந்தது என்று அங்கே மாட்டினார்கள்.

மழைக்காலம் வந்தது. அந்தக் கிடங்குக்கு ஒரு பக்கம்தான் ஜன்னல். ஏழாம் தறி நடு வரிசை. அதில் நெய்தவர் நாற்பது வயது அம்மா ஒருவர், தங்கையோடு சேர்ந்து நெய்வார். குள்ளமான உருவம். ஒரு தடவைகூட அவர் சேலையில் குறை என்று எழுதி என் கை அறியாது. அந்த மாதம் அவர் கொண்டுவந்த அரக்குச் சேலையை வழக்கப்படி வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிரித்தார்கள். சேலை உடலின் நடுவில் இரண்டு சாண் அகலத்துக்கு வேறு அரக்கு. நாங்கள் கொடுத்த நூல் இரண்டு தடவையாகச் சாயம் போட்டு வந்தது. இரண்டும் ஒரு மயிரிழை வித்தியாசம். எல்லா நெசவாளரும் அதைப் பார்த்துப் பிரித்து வைத்துக்கொண்டுதான் குறுக்கிழையான ஊடைக்குச் சுற்றுவார்கள். இவர் கலந்துவிட்டிருக்கிறார்.

"எப்படி சார் ஆச்சுன்னே தெரியல. தறில பாக்கும்போது ஒண்ணாத்தான் இருந்துச்சு" என்று அந்த அம்மா சேலையையே தடவிக்கொண்டு நின்றார்.

மேனேஜருக்கு அது போதுமாயிருந்தது. ஏழாம் தறிக்கு, தனக்கு வேண்டப்பட்ட ஆள் ஒருவரை அவர் வெகு நாளாகக் காக்க வைத்திருந்தார். மறுநாள் இயக்குநர்கள் கூட்டம். அதில் வைக்கக் குறிப்பு எழுதச் சொன்னார். 'நெசவாளரின் கவனக்குறைவால் நேர்ந்த குறை. தறியை வேறு நபருக்கு ஒதுக்கலாம்.' தறி போனால் அந்த அம்மாவுக்குக் குந்தி நெய்ய வேறு இடம் கிடையாது, தங்கைக்கும்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன், குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். எழுதிய கையை இப்போது நினைத்தாலும் உதறிக்கொள்ளத் தோன்றுகிறது.

அன்று மத்தியானம் ஷோரூம் ஃபேன் ஒன்று கருகி நாற்றம் எடுக்க, வேறு வழியில்லாமல் ஒயர்மேனைக் கூப்பிட்டிருந்தார்கள். சேதி அவர் காதுக்குப் போயிருக்கிறது. நேரே மாடிக்கு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அதுவரை என்னை சார் என்றவர்.

"எழுந்து வாப்பா."

"எங்க?"

"வாப்பான்றேன்ல."

இழுத்துக்கொண்டு போன இடம் ஏழாம் தறி. அந்த அம்மா பதறி எழுந்து ஒதுங்கினார். பேன்ட்டை மடித்துவிட்டுக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தேன். அத்தனை வருஷமாக அந்தச் சங்கத்தில் வேலை பார்த்தவன், ஒரு தறியில் உட்கார்ந்தது அன்றுதான். ஒயர்மேன் என் கையில் நூல் சுற்றிய இரண்டு தார்க்குச்சிகளைக் கொடுத்தார்.

"ரெண்டும் ஒரே கலரா, வேறயா?"

தூக்கிப் பார்த்தேன், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். "ஒரே கலர்தான்."

"எடுத்துக்கினு வாசலுக்குப் போ."

போனேன். வேறு வேறு. வாசலில் நின்று பார்த்தால் ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். திரும்பி வந்தேன். "மறுபடியும் உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரைக் காட்டினார்.

"அதான் நீ எழுதுன போர்டு. படி."

நீலமாக ஏதோ ஒன்று தெரிந்தது. அதில் மஞ்சளாக ஏதோ. நான் எழுதியது, பெயின்டர் பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தது, மனப்பாடமாகத் தெரிந்தது. அங்கிருந்து எனக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

அந்த அம்மா நான் கஷ்டப்படுகிறேனென்று நினைத்து, என்னைத் தேற்றுகிற மாதிரி கேட்டார்: "எங்களுக்கும் தெரியாது சார். இத்தினி நாளா பாத்துக்கினு இருக்கறோம். என்னா சார் எழுதியிருக்குது அதுல?"

ஒயர்மேன் என்னையே பார்த்தார். "சொல்லுப்பா. நீதான் எழுதுன."

வெளிச்சம் குறையக் குறைய ஆனந்தம் என்று அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வது? குழியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

குறிப்பைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். 'தறி மேல் இருந்த விளக்கு கழற்றப்பட்டதால் நிறம் பிரித்துப் பார்க்க முடியாமல் நேர்ந்த குறை. நான் அத்தறியில் உட்கார்ந்து பார்த்தேன்.' கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கூட்டத்தில் மேனேஜர் அதைப் படித்துவிட்டு முகம் சிவந்து கத்தினார். "ஒரு ஒயர்மேன் பேச்சக் கேட்டுக்கினு எனக்கே வேல காட்டறியா?" ஆனால் இயக்குநர்களில் நாலு பேர் நெசவாளர்கள். குறிப்பின் கடைசி வரியைப் படித்ததும் அவர்கள் எழுந்து போய் ஆளுக்கு ஒரு தடவை ஏழாம் தறியில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். தறி அந்த அம்மாவிடமே இருந்தது. ஆறு விளக்கையும் திரும்ப மாட்டச் சொன்னார்கள்.

சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். சிக்கனக் கணக்கு அதற்கு முன்பே மேலிடத்துக்குப் போய்விட்டிருந்தது. ஷீல்டு எங்களுக்குத்தான் வந்தது. என் வாசகத்தை மேடையில் படித்தார்களாம், கைதட்டினார்களாம். மேனேஜர் மாலையோடு திரும்பினார். ஷீல்டைத் தன் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அது பளபளக்க வேண்டும் என்று அதற்குத் தனியாக ஒரு விளக்கு போட்டுக்கொண்டார். ஒயர்மேனை இனிமேல் சங்கத்துக்குள் விடக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. ஒருவர்கூட எதிர்த்து வாய் திறக்கவில்லை, விளக்கு திரும்பக் கிடைத்த ஆறு தறிக்காரர்கள் உட்பட. அந்த மௌனத்தை நான் மன்னிக்கவில்லை. என்னுடையதையும் சேர்த்துத்தான்.

விளக்கை மாட்டியது அந்த அரை மணி நேர ஆள். இரண்டு நாள் கழித்துத் தறிக்கூடம் பக்கம் போனேன். ஏழாம் தறி அம்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து நெய்துகொண்டிருந்தார். நிழல் விழுகிறது என்று புரிந்தது. நானே உட்கார்ந்தேன். விளக்கு வந்துவிட்டதால் எதிரே என் போர்டு இப்போது பளிச்சென்று தெரிந்தது. அந்த அரை மணி நேர ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, முதலில் அதைக் கழற்றச் சொன்னேன். அப்புறம் ஸ்டூல் மேல் நின்றவனிடம், "ஒரு சாண் இடப்பக்கம்" என்றேன். நகர்த்தினான். நிழல் போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலமே பிள்ளையார்பாளையம் போய் ஒயர்மேனிடம் சொன்னேன்.

ஏதோ ஒரு மிக்சி மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "இப்போ அந்தம்மா நல்லா நெய்யுதா?"

"பரவால்ல சார்னு சொன்னாங்க."

"பரவால்லன்னாங்களா?" காயிலைக் கீழே வைத்தார். "உக்காந்து பாத்தியா?"

"பார்த்தேன்யா. நெழலே இல்ல."

என்னை உச்சியிலிருந்து கால் வரை அளந்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நீ உன் ஒசரத்துக்கு உக்காந்து பாத்திருக்கற. அந்தம்மா உன் தோளு ஒசரம்கூட இல்ல. போ. போய்க் குனிஞ்சு உக்காரு."

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். குழிக்குள் காலை விட்டு, முதுகை வளைத்து, அந்த அம்மாவின் கண் எங்கே இருக்குமோ அங்கே என் கண்ணைக் கொண்டுவந்தேன். நிழல் அங்கேயேதான் இருந்தது, சரியாக ஊடை ஓடுகிற இடத்தில்.